சாகாத இதயமும் ஆறாத காயமும்: அலெக்சிஸ் கரெல் விட்டுச்சென்றவை

புத்தூரில் மாமாவின் வீட்டு விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை இருக்கிறது. பின்னேரமானதும் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்துவிட்டு, அந்தக் கதிரையில் இருந்து கைத்தொலைபேசி பார்ப்பார். சில வாரங்களுக்கு முன் நான் போயிருந்தபோது, கனடாவிலிருந்து ஓர் உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியை எனக்குக் காட்டினார். சிறுநீரகம், ஈரல், இதயம் எல்லாம் இனி ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும். முதுமையடைந்த கலங்களை மீண்டும் இளமையாக்கலாம். இன்னும் சில வருடங்களில் முதுமையும் குணப்படுத்தக்கூடிய ஒரு வருத்தமாகிவிடும் என்று அதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஊடகக் கற்கை படித்ததால், எது மெய் எது பொய் என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் குடும்பத்தில் எனக்குத்தான். மாமா கேட்டது இரண்டு கேள்விகள். இது உண்மையோ? உண்மையென்றால் தன்னுடைய காலத்துக்குள் வருமோ?

அவர் சும்மா கேட்கவில்லை. 1995 ஒக்டோபரில் இராணுவம் அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்று முன்னேறியபோது எல்லோரையும்போல நாங்களும் தென்மராட்சிக்கு ஓடினோம். அடுத்த வருடம் திரும்பிவந்து வெங்காயத் தோட்டத்தைத் துப்புரவாக்கும்போது மாமா மிதிவெடியில் கால் வைத்தார். முதலில் போனது பாதம் மட்டும்தான். காயத்தில் கிருமி ஏறி, அழுகல் மேலே போகத் தொடங்கியதால் முழங்காலுக்குக் கீழே முழுவதையும் எடுத்தார்கள். இப்போது அறுபதைக் கடந்துவிட்டார். நீரிழிவு இருக்கிறது. சிறுநீரகமும் மெல்லப் பழுதாகிறது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் காணொளி தன் பேச்சுக்கு ஆதாரமாக ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னது. ஒரு கோழிக் கருவின் இதயம் கண்ணாடிக் குடுவைக்குள் 34 வருடங்கள் உயிரோடு இருந்ததாம். அதைச் செய்தவர் நோபல் பரிசு பெற்ற வைத்தியராம். பெயர் அலெக்சிஸ் கரெல். மாமாவுக்குப் பதில் சொல்வதற்காக அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது, மாமாவின் காலுக்கும் சிறுநீரகத்துக்கும், இன்னொரு விதத்தில் எங்கள் எல்லோருக்கும் அவருடைய கதை மிகவும் நெருக்கமானது என்று பட்டது.

மூன்று தையல்கள்

கரெல் 1873 யூன் 28 இல் பிரான்சின் லியோன் நகருக்கு அருகே பிறந்தார். லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன இடம். தகப்பனும் துணி வியாபாரம் செய்தவர்தான். மகன் சிறுவனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். கரெல் அங்கேயே மருத்துவம் படித்தார்.

1894 யூன் 24 இல் பிரான்சின் ஜனாதிபதி சாடி கார்னோ லியோனுக்கு வந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் பெரிய நாளம் அறுந்துபோனது. நாட்டின் தலைவர் என்பதால் நகரின் பெரிய வைத்தியர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஆனால் அறுந்த குருதிக்குழாயைத் தைத்துப் பொருத்தும் வித்தை அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்று நள்ளிரவு கடந்ததும் ஜனாதிபதி இறந்தார். மருத்துவ மாணவரான கரெலுக்கு 21 வயது நிறைய இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. இந்தச் சாவு தவிர்த்திருக்கக்கூடியது என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அவர் பாடம் கேட்கப் போனது ஒரு தையற்காரப் பெண்ணிடம். லியோனில் பூவேலைத் தையலில் பெயர்பெற்ற லெறூடியே அம்மையாரிடம் மிக நுண்ணிய ஊசியையும் மெல்லிய பட்டு நூலையும் கையாளப் பழகினார். நூலுக்கு வசலின் பூசினால் குழாயின் சுவர் கிழியாது, குருதி கட்டிப்படுவதும் குறையும் என்று கண்டுகொண்டார். வட்டமான குழாயின் விளிம்பில் சம தூரத்தில் மூன்று தையல்களைப் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகும். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோட்டில் துணி தைப்பதுபோலத் தைத்துவிடலாம். 1902 இல் அவர் வெளியிட்ட இந்த முறையின் அடிப்படை இன்றும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் வாழ்கிறது.

பிரான்சில் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. 1904 இல் கனடாவுக்குக் கப்பலேறி, அங்கிருந்து சிக்காகோவுக்குப் போனார். அங்கே சார்ல்ஸ் கத்ரி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து குருதிக்குழாய்களைப் பொருத்துவது, உறுப்புகளை இடம் மாற்றுவது பற்றிய பரிசோதனைகளைச் செய்தார். 1906 இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. 1908 இல் பிறந்து சில நாட்களேயான ஒரு சிசு குருதிப்பெருக்கால் செத்துக்கொண்டிருந்தது. தகப்பனின் கை நாடியைக் குழந்தையின் கால் நாளத்தோடு கரெல் தைத்துப் பொருத்தினார். தகப்பனின் குருதி நேராகக் குழந்தைக்குள் ஓடியது. குழந்தை பிழைத்தது.

விலங்குகளில் அவர் சிறுநீரகங்களையும் மாற்றிப் பார்த்தார். ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதே நாயின் உடலில் வேறிடத்தில் பொருத்தினால் அது வேலை செய்தது. வேறொரு நாயிடமிருந்து எடுத்துப் பொருத்தினால் சில நாட்களில் கெட்டுப்போனது. தையலில் பிழையில்லை, உடல்தான் அந்நிய உறுப்பை ஏற்க மறுக்கிறது என்று அவர் விளங்கிக்கொண்டார். 1912 இல், 39 வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கத்ரிக்கு அதில் பங்கு கொடுக்கப்படவில்லை.

போர்க்காயம்

1914 இல் முதலாம் உலகப்போர் தொடங்கியபோது கரெல் பிரான்சில் இருந்தார். எறிகணைச் சிதறல் பட்டவர்கள் காயத்தால் மட்டும் சாகவில்லை. சேறும் சீருடைத் துணியும் சதைக்குள் புகுந்து, அழுகல் ஏறிச் செத்தார்கள். காலைக் காப்பாற்றுவதா, உயிரைக் காப்பாற்றுவதா என்ற நிலையில் வைத்தியர்கள் வாளைத்தான் எடுத்தார்கள்.

கொம்பியேன் என்ற இடத்தில் போர்முனைக்கு அருகே ஒரு வைத்தியசாலையைக் கரெல் நடத்தினார். தாதியான மனைவி ஆனும் கூட வேலை செய்தார். ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர் அங்கே ஒரு மருந்து நீரைத் தயாரித்தார். நாங்கள் கிணற்றுக்குப் போடும் குளோரின் வகையைச் சேர்ந்ததுதான். சதையைச் சுடாத அளவுக்கு, ஏறத்தாழ அரை வீதம் மட்டும் கலந்தது. காயத்தைத் திறந்து, செத்த சதையையும் சிதறல்களையும் அகற்றி, துளையிட்ட இறப்பர்க் குழாய்களை உள்ளே வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அந்த நீரைப் பாய்ச்சினார்கள். காயத்திலிருந்து எடுத்ததை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கிருமிகளை எண்ணினார்கள். எண்ணிக்கை போதிய அளவு குறைந்த பிறகுதான் காயத்தை மூடினார்கள். இந்த முறையால் பல கால்களும் கைகளும் தப்பின.

இதை வாசிக்கும்போது என்னால் மாமாவின் காலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மருந்துகளுக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு இருந்த வருடங்களில் வடக்கில் காயப்பட்டவர்கள் எத்தனை பேர். 2009 இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகளின் தரையில் கிடந்தவர்கள் எத்தனை பேர். குருதியும் மயக்கமருந்தும் போதாமல், கழுவிக் காத்திருக்க நேரமும் இல்லாமல் அகற்றப்பட்ட அவயவங்கள் எத்தனை. காயத்தைக் கழுவிக் காலைக் காப்பாற்றும் அறிவு அதற்கு 90 வருடங்களுக்கு முன்பே உலகத்தில் இருந்தது. அந்த அறிவைப் பயன்படுத்தத் தேவையான பாதுகாப்பும் பொருளும்தான் எங்கள் சனத்துக்குக் கிடைக்கவில்லை.

சாகாத இதயம்

காணொளி சொன்ன கோழி இதயத்தின் கதை 1912 ஜனவரி 17 இல் தொடங்குகிறது. கரெல் கோழிக் கருவின் இதயத்திலிருந்து சிறு துண்டை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, ஊட்டத் திரவம் கொடுத்து வளர்த்தார். பிறகு அதைப் பராமரித்தவர் அவருடைய உதவியாளர் அல்பர்ட் எபெலிங். அது முழு இதயம் அல்ல. இதயத்திலிருந்து வந்த இழையக் கலங்கள் மட்டுமே. வருடங்கள் ஓடின. கோழி வாழக்கூடிய காலத்தையும் தாண்டி அந்தக் கலங்கள் பெருகிக்கொண்டிருந்தன. நியூயோர்க் பத்திரிகைகள் அதற்கு வருடாவருடம் பிறந்தநாள் செய்தி எழுதின. கலங்களுக்கு இயல்பில் மரணமில்லை, சரியாகப் பராமரித்தால் என்றும் வாழும் என்று உலகம் நம்பியது. 1946 இல் அதை நிறுத்தியபோது கரெல் இறந்து இரண்டு வருடங்களாகியிருந்தன.

இடையில் இன்னொரு கனவும் வந்தது. அத்திலாந்திக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த சார்ல்ஸ் லின்ட்பேர்க்கின் மைத்துனிக்கு இதய வால்வில் நோய். அந்த இதயத்தை ஏன் நிறுத்தித் திருத்த முடியாது என்று கேட்டு லின்ட்பேர்க் 1930 இல் கரெலிடம் வந்தார். இருவரும் சேர்ந்து, உறுப்புகளை உடலுக்கு வெளியே கிருமி படாமல் வைத்துத் திரவம் பாய்ச்சும் கண்ணாடிப் பம்பி ஒன்றை உருவாக்கினார்கள். 1935 இல் ஒரு பூனையின் தைரொயிட் சுரப்பியை அதில் உயிரோடு வைத்திருந்தார்கள். 1938 இல் உறுப்பு வளர்ப்புப் பற்றி இருவரும் ஒரு நூல் எழுதினார்கள். அதே வருடம் டைம் சஞ்சிகை இருவரையும் அட்டையில் போட்டது. இன்று மாமாவின் கைத்தொலைபேசிக்கு வரும் வாக்குறுதி அப்போதே தலைப்புச் செய்தியாகிவிட்டது.

எங்கள் ஊரில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அதற்கு அடியே இல்லை என்று கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். சுழியோடிகள் இறங்கி அளந்தபோது அடி இருந்தது. மேலே நன்னீர், ஆழப்போக உப்புநீர் என்பதும் தெரிந்தது. கரெலின் இதயக் கலங்களுக்கும் ஒருநாள் அந்த அளவுகோல் வந்தது. வேறு ஆய்வுகூடங்களில் சாதாரண கலங்களை அப்படி முடிவின்றி வளர்க்க முயன்றவர்கள் தோற்றார்கள். நோபல் பரிசு பெற்றவர் செய்தது என்பதால் பிழை தங்களிடம்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். 1961 இல் பிலடெல்பியாவில் லெனாட் ஹேஃப்ளிக்கும் போல் மூர்ஹெட்டும் மனிதக் கலங்கள் ஏறத்தாழ 50 தடவைகள் பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். அவர்களுடைய கட்டுரையை ஓர் ஆய்விதழ் முதலில் ஏற்க மறுத்தது. கரெலின் நிழல் அவ்வளவு நீளமாக இருந்தது.

அப்படியென்றால் அந்தக் கோழிக் கலங்கள் எப்படி 34 வருடங்கள் இருந்தன? ஊட்டமாகக் கொடுத்த கோழிக் கருச் சாற்றோடு புதிய கலங்களும் ஒவ்வொரு தடவையும் உள்ளே போயின என்பதே பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். பழையவை சாகாமல் இருக்கவில்லை. புதியவை வந்துகொண்டிருந்தன. மாமாவுக்கு வந்த காணொளி இதைச் சொல்லவில்லை.

யாருக்கு வாழ்வு?

கரெலின் வாழ்க்கையில் இன்னும் இருண்ட பக்கம் ஒன்று உண்டு. 1935 இல் அவர் மனிதனைப் பற்றி எழுதிய நூல் பல மொழிகளில் இலட்சக்கணக்கில் விற்றது. மனிதர்களில் தரமானவர்களும் தரம் குறைந்தவர்களும் உண்டு, தரமானவர்களைப் பெருக்க வேண்டும் என்பது அதன் ஓர் அடிப்படை. கொடிய குற்றவாளிகளையும் குற்றம் செய்த மனநோயாளிகளையும் சிறிய நிலையங்களில் வாயு கொடுத்து முடித்துவிடலாம் என்று அதில் எழுதினார். 1936 இல் வந்த ஜேர்மன் பதிப்பின் முன்னுரையில், இந்தத் திசையில் நாசி அரசு எடுத்த நடவடிக்கைகளைப் பாராட்டினார். 1940, 1941 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியில் மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளுமாக 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாயுக்கூடங்களில் கொல்லப்பட்டார்கள். அதைக் கரெல் நடத்தவில்லை. ஆனால் சில உயிர்கள் வேண்டாதவை என்ற எண்ணத்துக்கு நோபல் பரிசின் மரியாதையைக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

ஜேர்மனி பிரான்சைப் பிடித்தபின் விஷி அரசின் ஆதரவோடு 1941 இல் மனிதப் பிரச்சினைகளை ஆராயும் நிறுவனமொன்றைப் பாரிசில் தொடங்கினார். 1944 ஓகஸ்டில் பாரிஸ் விடுபட்டதும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். எதிரியோடு ஒத்துழைத்தவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை வருமுன்னரே 1944 நவம்பர் 5 இல் இதய நோயால் இறந்தார். லியோனில் அவருடைய பெயரைச் சுமந்திருந்த மருத்துவ பீடம் 1996 இல் அந்தப் பெயரை அகற்றியது.

ஒரு கால் இல்லாமல் சாய்மனைக் கதிரையில் இருக்கும் ஒருவருக்கு இந்தப் பகுதியை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். போரால் உடல் குறைந்தவர்கள், மனம் உடைந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் மண் எங்களுடையது. கரெலின் தராசில் நாங்கள் எந்தத் தட்டில் நின்றிருப்போம் என்பது எனக்குத் தெரியும்.

இன்று எங்கே நிற்கிறது?

கரெலின் கனவு முழுவதும் பொய்யாகப் போய்விடவில்லை. அந்நிய உறுப்பை உடல் மறுக்கும் சிக்கலைத் தாண்டி, 1954 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ஜோசப் மறியும் குழுவினரும் ஒத்த இரட்டையர் இருவருக்கிடையில் சிறுநீரகத்தை மாற்றினார்கள். பின்னர் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள் வந்தன. இன்று எந்த நாட்டில் சிறுநீரகம் மாற்றினாலும் கரெலிடமிருந்து வந்த தையல் வித்தை அங்கே இருக்கிறது.

ஆய்வுகூடத்தில் வளர்ப்பதில் தோல் முன்னே நிற்கிறது. எரிகாயப்பட்டவர்களின் சொந்தக் கலங்களிலிருந்து தோலை வளர்த்துப் போடுவது 1980 களிலிருந்து நடக்கிறது. 2006 இல் அந்தனி அட்டாலாவின் குழு, ஏழு இளம் நோயாளிகளுக்கு அவர்களுடைய சொந்தக் கலங்களிலிருந்து வளர்த்த சிறுநீர்ப்பைத் திசுவைப் பொருத்தியதாக அறிவித்தது. இவை மெல்லிய தகடுகள் அல்லது வெறும் பைகள். சிறுநீரகம் அப்படியல்ல. ஒன்றுக்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குருதி போகவேண்டும். குருதிக்குழாய் மயிரளவு தூரத்துக்குள் இல்லாவிட்டால் கலங்கள் செத்துவிடும். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் குட்டிச் சிறுநீரகங்கள் மருந்துகளைச் சோதிக்க உதவுகின்றன. மனிதருக்குப் பொருத்தி வாழவைக்கும் முழுச் சிறுநீரகம் இன்னும் வளர்க்கப்படவில்லை. 1894 இல் லியோனில் தடுத்த அதே குருதிக்குழாய்ச் சிக்கல்தான் இங்கும் தடுக்கிறது.

கலங்களை இளமையாக்கும் கதையும் இப்படித்தான். கரெலுக்கு நோபல் கிடைத்துச் சரியாக 100 வருடங்களின் பின், 2012 இல், ஜப்பானின் ஷின்யா யமனாக்கா ஜோன் கேர்டனோடு அதே பரிசைப் பெற்றார். நான்கு பரம்பரை அலகுகளைக் கொண்டு முதிர்ந்த தோற் கலத்தைக் கருநிலைக் கலம்போல் மாற்றலாம் என்று 2006 இல் எலிகளில் காட்டியவர் அவர். அந்த அலகுகளைக் கொஞ்ச நேரம் மட்டும் இயக்கினால், விரைவாக முதுமையடையும் வகை எலிகள் கூடுதல் காலம் வாழ்வதாக 2016 இல் ஓர் ஆய்வு சொன்னது. கூடுதலாக இயக்கினால் கலம் தன்னை மறந்து கட்டியாக வளரும். இதுவரை எலிகளில் கண்டதைக் கொண்டு மனிதருக்கு வயது குறையும் என்று விற்பவர்களை நம்பக்கூடாது.

விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பயம். சுவீடனில் பவுலோ மக்கியாரினி என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், நோயாளியின் தண்டுக்கலங்கள் பூசிய செயற்கை மூச்சுக்குழாய்களை 2011 இலிருந்து பொருத்தினார். உலகமே கொண்டாடியது. அங்கே அவர் அப்படிப் பொருத்திய மூவரும் பின்னர் இறந்தார்கள். 2023 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறைத்தண்டனை விதித்தது. எங்கள் சனம் வைத்தியத்துக்காக அடிக்கடி போகும் இந்தியாவில், இரத்தம் சார்ந்த நோய்களுக்கான எலும்பு மச்சை வகைச் சிகிச்சையைத் தவிர்ந்த தண்டுக்கலப் பயன்பாடு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாக மட்டுமே நடக்கவேண்டும் என்று 2017 ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டி சொல்கிறது. காணியை விற்று அப்படியொரு சிகிச்சைக்குப் புறப்படுமுன் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

கரெலின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு கேள்விகள். இதை வேறு யாராவது செய்துபார்த்து, அதே முடிவைக் கண்டார்களா? கண்டிருந்தால், அது யாருக்குக் கிடைக்கப்போகிறது? முதலாவதைக் கேட்காததால் ஒரு பிழை அரை நூற்றாண்டுக்கு உண்மையாக வாழ்ந்தது. இரண்டாவதற்குத் தவறான பதிலை மனதில் வைத்திருந்ததால், உயிர்காத்த ஒரு கை, உயிர் எடுப்பதை நியாயப்படுத்தி எழுதியது.

போன கிழமை மாமாவிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். வளர்த்த சிறுநீரகம் அவருடைய காலத்துக்குள் புத்தூருக்கு வருமென்று என்னால் நம்பிக்கை கொடுக்க முடியவில்லை. இருக்கிற சிறுநீரகத்தைக் காப்பாற்றச் சீனியையும் பிரசரையும் கட்டுக்குள் வைக்கவேண்டும், கிளினிக் திகதியைத் தவறவிடக்கூடாது என்பதைத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, செயற்கைக் கால் உரசி முழங்காலடியில் வந்திருக்கும் சின்னப் புண்ணைக் காட்டி, இதைக் கழுவிக் கட்டுவதற்கு அந்த மனிதரின் முறைதான் இன்னும் இருக்கோ என்று கேட்டார்.

மருந்து மாறியிருக்கலாம், ஆனால் செத்த சதையை அகற்றிக் கழுவி, கிருமி குறைந்தபின் மூடவேண்டும் என்பது இன்றும் அதேதான் என்றேன். அடுத்த நாள் காலையில் கட்டு மாற்றுவதற்கு அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.